‘தமிழ்’ என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து?

பைத்தான் நிரல்மொழி படிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: “பைத்தானில் ‘தமிழ்’ என்று கொடுத்து, நீளம் காணும் லென் போட்டால் 5 வருகிறது. மூன்று எழுத்துதானே ஐயா?”

மூன்றுதான். ஆனால் பைத்தான் எண்ணுவது எழுத்தை அல்ல, யூனிகோட் குறியெண்களை; அதாவது கணினிக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோட் என்ற பொதுத் தரம் தந்திருக்கும் எண்களை. த 2980, ம 2990, இகரக் கொக்கி 3007, ழ 2996, புள்ளி 3021. ஆக ஐந்து. இதே சரத்தை, அதாவது இந்த எழுத்துத் தொடரை, தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். புள்ளி முதலில் வந்து, ஒட்டிக்கொள்ள எழுத்தின்றி, திரை காட்டும் வெற்று வட்டத்தின் மேல் நிற்கும். கொக்கி ம-வை விட்டு ழ-வுக்குத் தாவி, ‘ழிமத’ என்று மிச்சம் வரும்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடம் ‘கொ’. தாளில் எழுதும்போது கொம்பு, க, கால் என்று போகிறோம். யூனிகோடில் க-தான் முதலில். அதன்பின் ஒகரக் குறி, 3018 என்ற ஒரே எண்ணாக வரலாம். அல்லது கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாகவும் வரலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. பைத்தானிடம் இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்கிறது! ஒருமுறை என் சொற்பட்டியலில் ‘கொய்யா’வைத் தேடினேன். கண்ணெதிரே இருக்கிறது, கிடைக்கவில்லை. பாதி மாலை போனது. காரணம் இதுதான். பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுப்பில் ‘நார்மலைஸ்’ என்ற கட்டளை இருக்கிறது. ஒப்பிடும் முன் இரண்டு சரங்களையும் அதில், இரண்டாக வரும் குறியை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

சரங்களைப் பற்றிய பாடத்தில் தமிழ்ச் சொற்களையே எடுத்துக்காட்டாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துப் பழகிய பிள்ளைக்கு எழுத்தும் குறியெண்ணும் வேறு என்பதே தெரியாமல் போய்விடும்.

அப்புறம், நார்மலைஸுக்கும் அடங்காத ஒன்று உண்டு. ‘பௌர்ணமி’யைப் பலர் ‘பெளர்ணமி’ என்று தட்டுகிறார்கள். முன்னதில் இருப்பது ஔகாரக் குறி. பின்னதில் கொம்பும் ளகரமும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் யூனிகோடுக்கு இவை வேறு வேறு சொற்கள். ‘ெள’ வரும் இடமெல்லாம் ‘ௌ’ என்று மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றினால் வெளி, தெளிவு, வெள்ளி எல்லாம் கெட்டுப்போகும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாகத்தான் திருத்த வேண்டும்.