பெயரை மாற்றினால் காணொளி மாறாது

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்திருந்தார். ரொறன்ரோவில் நடந்த பேத்தியின் சாமத்திய வீட்டுக் காணொளியை மகன் இணைப்பாக அனுப்பியிருக்கிறார். அயல் வீட்டுப் பையன் அதைத் தரவிறக்கி இறுவட்டில் பதிந்து கொடுத்திருக்கிறான். டிவிடி பிளேயரில் ஓடவில்லை. இன்னோர் இறுவட்டில் பதிந்தார்கள், அதுவும் ஓடவில்லை. பிளேயர்தான் பழுது என்று முடிவுகட்டி, புறக்கோட்டைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டார். அதிலும் அதே கதைதான்.

இறுவட்டைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு கோப்பு இருந்தது. எம்பி4 என்று முடிந்த பெயரை, டிவிடியில் இருக்கும் படக் கோப்புகளின் பெயரைப் போல விஓபி என்று முடியும்படி மாற்றியிருந்தார்கள். வேறு எதுவும் செய்யவில்லை. வெள்ளவத்தையில் காணொளிகளை மாற்றி இறுவட்டில் பதிந்து கொடுக்கும் தொழில் செய்யும் எனக்கு இது புதிதல்ல. ஆனால் ஓய்வூதியப் பணத்தில் ஒருவர் தேவையில்லாமல் பிளேயர் வாங்கும் அளவுக்குப் போன பிறகும் பேசாமல் இருக்க முடியவில்லை.

தயவுசெய்து இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் அந்த மூன்று எழுத்துகளை மாற்றுவது மாற்றம் அல்ல. உள்ளே இருக்கும் படமும் ஒலியும் அப்படியேதான் இருக்கின்றன. "கணினியில் ஓடுகிறதே" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓடும்தான். விஎல்சி போன்ற மென்பொருள் பெயரை நம்புவதில்லை. கோப்பைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப ஓட்டுகிறது. ஏவிஐ என்று மாற்றினாலும் ஓடும், எம்கேவி என்று மாற்றினாலும் ஓடும். பெயர் மாற்றம் பலித்துவிட்டது என்று நீங்கள் ஏமாறுவது இங்கேதான்.

டிவிடி பிளேயர் அப்படிப்பட்ட கருவி அல்ல. டிவிடி முதன்முதலில் ஜப்பானில் 1996இல் விற்பனைக்கு வந்தது. இன்று கைபேசிகளும் இணையமும் பெரிதும் பயன்படுத்தும் எச்.264 என்ற படச் சுருக்க முறை வெளியானது 2003இல். சாதாரணப் பிளேயருக்குத் தெரிந்தது எம்பெக்-2 என்ற பழைய சுருக்க முறையில் அமைந்த படம்தான். அதுவும் நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறையில் 720க்கு 576 அளவில், நொடிக்கு 25 சட்டங்களாக, அதாவது 25 தனிப் படங்களாக, இருக்க வேண்டும். அத்தோடு இறுவட்டில் வீடியோ டிஎஸ் என்ற கோப்புறையும், எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஐஎஃப்ஓ கோப்புகளும் இருக்க வேண்டும். பிளேயர் முதலில் தேடுவது அவற்றைத்தான். விஓபி என்று பெயரிட்ட ஒரு கோப்பு தனியாகக் கிடந்தால், பிளேயருக்கு அது டிவிடியே அல்ல.

ஆகவே படத்தை எம்பெக்-2 ஆக மாற்ற வேண்டும், பிறகு டிவிடியாகக் கட்டமைக்க வேண்டும், அதன் பிறகே பதிய வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் டிவிடிஸ்டைலர் இந்த மூன்றையும் செய்யும். ஹேண்ட்பிரேக் நல்ல மென்பொருள்தான். ஆனால் அது டிவிடி செய்து தராது.

அடுத்த தொல்லை அளவு. கோப்பு 700 எம்பிதானே, 4.7 ஜிபி இறுவட்டில் ஆறு கோப்புகள் போட்டுத் தாருங்கள் என்கிறார்கள். டிவிடிக்கு மாற்றும்போது பழைய கோப்பின் அளவுக்கு வேலையே இல்லை. நிமிடக் கணக்குத்தான். ஒரு மணிநேரம் போட்டால் மிக நன்றாக இருக்கும். இரண்டு மணிநேரத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் தரவு கிடைக்கும், அதுவும் நல்ல தரமே. ஆறு மணிநேரத்தைத் திணித்தால் 2 மெகாபிட்கூடத் தேறாது. ஆள் அசையும்போதெல்லாம் முகம் கட்டம் கட்டமாக உடையும். மணவறைக் காட்சியை அப்படிப் பார்க்கவா இத்தனை பாடு? இரண்டு இறுவட்டுகளாகப் போடுங்கள்.

கைபேசியில் எடுத்த காணொளிகளில் சட்ட வேகம் ஒரே சீராக இருப்பதில்லை. கவனிக்காமல் மாற்றினால் போகப்போக ஒலி ஓரிடத்திலும் வாயசைவு ஓரிடத்திலும் நிற்கும். தொடக்கத்தில் சரியாகத்தான் இருக்கும். கடைசிப் பத்து நிமிடங்களை ஓட்டிப் பார்த்தால்தான் பிடிபடும். கனடாவிலிருந்து நொடிக்கு 29.97 சட்டங்களோடு வரும் காணொளியை வற்புறுத்தி 25 ஆக்காதீர்கள், அசைவு வெட்டி வெட்டிப் போகும். இங்குள்ள பெரும்பாலான பிளேயர்கள் அவர்களுடைய என்டிஎஸ்சி முறையையும் ஓட்டும்.

இணையத்தில் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று வரும் தளங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அத்தகைய போலித் தளங்கள் வழியாகத் தீங்கு மென்பொருள் பரப்பப்படுவதாக அமெரிக்காவின் எஃப்பிஐயே 2025 மார்ச்சில் எச்சரித்தது. அது ஒருபுறம் இருக்க, வீட்டுப் பிள்ளையின் சடங்குக் காணொளியை யாரென்றே தெரியாத தளத்தில் ஏற்றலாமா?

பதியும்போது வேகத்தைக் குறையுங்கள். இறுதியாக்கம் செய்யாத, அதாவது பதிவை முடித்துப் பூட்டாத, இறுவட்டு வேறு பிளேயரில் ஓடாமல் போகலாம். மேலே காகிதச் சிட்டை ஒட்டாதீர்கள், சுழலும்போது சமநிலை கெடும். வெயில் படும் யன்னலோரத்தில் வைக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் தொலைக்காட்சியின் பின்புறத்தைப் பாருங்கள். யுஎஸ்பி துளை இருந்தால் எம்பி4 கோப்பைப் பென் ட்ரைவில் போட்டுச் செருகிப் பாருங்கள். பல புதிய தொலைக்காட்சிகளில் அப்படியே ஓடும், எனக்குக் காசு தரத் தேவையில்லை. பிளேயரிலேயே அந்தத் துளை இருந்தாலும் அதை நம்பிவிட வேண்டாம். பழைய பிளேயர்கள் பெரும்பாலும் எச்.264ஐ அறியாதவை.

அந்த அம்மாவின் கோப்பு பெயர் மட்டும் மாறியிருந்ததால் மீண்டது. வேறொரு குடும்பத்துக்கு அப்படி வாய்க்கவில்லை. யாரோ நெருக்கித் திணித்து மாற்றிக் கொடுத்த இறுவட்டை வைத்துக்கொண்டு மூலக் கோப்பை அழித்துவிட்டார்கள். போன தெளிவை என்னால் திருப்பித் தர முடியவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, வட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் தெளிவு குறையும், ஆவணமாக அனுப்புங்கள். ஊரில் அம்மா தன் பிளேயரில் கடைசி வரை பார்த்துவிட்டேன் என்று சொல்லும்வரை இணைப்பை அகற்றாதீர்கள். அதன் பிறகும் மூலக் கோப்பை இரண்டு இடங்களில் வைத்திருங்கள்.