ஆரஞ்சு டப்பாவை மூடிட்டு முதல்ல அந்த பல்பைக் கழட்டுங்க

மறுபடியும் ஒரு ஆரஞ்சு சுவர். போன வாரம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. கேபினட் க்ரே, தரை டைல்ஸ் க்ரே, மூணு சுவர் வெளிர் க்ரே, நாலாவது சுவர் மட்டும் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு. "சார், கிச்சன் ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னுதான் இந்த கலர் அடிச்சோம், இப்ப பாத்தா மத்த மூணு சுவரும் நீலமாத் தெரியுது, பெயின்டர் டப்பாவை மாத்திட்டாரா?"ன்னு கேட்டாங்க. பெயின்டர் பாவம், அவர் ஒண்ணும் பண்ணல. அண்ணாந்து பாத்தேன், சீலிங்ல 6500 கெல்வின் பேனல் லைட், நீலம் கலந்த வெள்ளையா பளீர்னு எரியுது. எனக்கு இந்தக் கதை மனப்பாடம். ஆளு மாறுவாங்க, ஆரஞ்சுக்குப் பதிலா மஞ்சளோ சிவப்போ இருக்கும், பல்பு மட்டும் மாறவே மாறாது.

சுவர் நீலமானது அந்த ஆரஞ்சாலதான். பளிச்சுனு ஒரு கலரைப் பாக்குற கண்ணு, பக்கத்துல சும்மா கிடக்குற சாம்பல் மேல அதோட எதிர்க் கலரைத் தானா ஏத்திக் காட்டும், ஆரஞ்சுக்கு எதிர் நீலம். இது ஒண்ணும் புதுசு இல்ல. பாரிஸ்ல கோப்லான் நெசவு ஆலையோட சாயப் பிரிவுக்கு 1824ல பொறுப்பேத்த ஷெவ்ரல்ங்கிற வேதியியல்காரர்கிட்ட, கறுப்புச் சாயம் சரியா ஏறலன்னு புகார் வந்துச்சு. சோதிச்சுப் பாத்தா சாயத்துல ஒரு குறையும் இல்ல, பக்கத்துல வெச்சு நெய்த கலர்தான் கறுப்பை டல்லாக் காட்டுச்சு. 1839ல அதை விதியாவே எழுதி வெச்சுட்டுப் போயிட்டார். நாம இன்னும் பெயின்டரைத் திட்டிட்டு இருக்கோம்.

சரி, என்னை நிஜமாவே கடுப்பேத்துற விஷயத்துக்கு வர்றேன். "மஞ்ச லைட் போட்டா டல்லாயிடும் சார், வெள்ளை லைட்தான் பிரகாசம்." இல்லவே இல்லங்க. கெல்வின்ங்கிறது வெளிச்சத்தோட கலர். 2700, 3000னா இதமான மஞ்சள் கலந்த வெள்ளை, 4000 நடுவாந்தரம், 6500 நீலம் கலந்த வெள்ளை. எவ்வளவு வெளிச்சம்ங்கிறதுக்கு லூமென்னு தனியா ஒரு நம்பர் இருக்கு, அதே அட்டைப்பெட்டியில, அதுக்குப் பக்கத்துலயே போட்டிருக்கு. 800 லூமென் வார்ம் பல்பும் 800 லூமென் கூல் பல்பும் ஒரே அளவு வெளிச்சம்தான் தரும். நீலம் கலந்த வெளிச்சம் கொஞ்சம் கூடுதல் பளிச்சுனு தெரியும்தான், அது கண்ணு பண்ற வேலை, கவுன்டர் மேல விழுற வெளிச்சம் அதுக்காக ஏறிடாது. மஞ்சள்னாலே டல்லுன்னு நமக்கு மனசுல பதிஞ்சதுக்குக் காரணம் பழைய இழை பல்பு. வோல்டேஜ் குறைஞ்சா அது செவந்து மங்கும், அந்த ஞாபகம் தலைமுறை தாண்டி ஒட்டிட்டு இருக்கு. எல்இடிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. வெளிச்சம் பத்தலைன்னா லூமெனைக் கூட்டுங்க, இல்ல இன்னொரு லைட் வைங்க, கெல்வினை ஏத்தாதீங்க. இன்னொரு தடவையும் சொல்றேன், கெல்வினை ஏத்தாதீங்க.

க்ரே சுவர் வீட்டுல இது எப்படி ஆரம்பிக்குதுன்னா, க்ரே வெளிச்சத்தை முழுங்கும். பெயின்ட் கம்பெனி தர்ற விவரத்துல எல்ஆர்வின்னு ஒரு எண் இருக்கும், 0 முதல் 100 வரைக்கும், அந்தக் கலர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புதுன்னு அர்த்தம். எல்ஆர்வி 50னா விழுற வெளிச்சத்துல பாதியை சுவரே எடுத்துக்குது. ரூம் இருட்டா இருக்கேன்னு ஆளு போய் "நல்லா வெள்ளையா" ஒரு லைட் வாங்கிட்டு வர்றார், அது சுவர்ல இருக்குற நீலச் சாயலைத் தூக்கிக் காட்டுது, ரூம் இன்னும் சில்லுனு ஆகுது, அதைச் சரிபண்ண ஆரஞ்சு டப்பா, ஆரஞ்சு வந்ததும் மிச்சம் இருந்த சுவரும் நீலம். அப்புறம் எனக்கு போன்.

அதனால முதல் வேலை பல்பு. எல்லாத்தையும் ஒரே நேரத்துல 3000க்கு மாத்துங்க. ஒண்ணு 3000 ஒண்ணு 6500னு கலந்து விட்டா ரெண்டும் ஒண்ணையொண்ணு கெடுக்கும், வார்ம் லைட் அழுக்கு மஞ்சளாவும் கூல் லைட் நீலமாவும் தெரியும். அடுத்து சிஆர்ஐ, அதாவது அந்த வெளிச்சத்துல பொருளோட நிஜக் கலர் எவ்வளவு ஒழுங்காத் தெரியும்ங்கிற எண். கிச்சனுக்கு 90க்குக் கீழ வாங்காதீங்க. பெட்டியில சில நேரம் 930னு மூணு இலக்கம் மட்டும் இருக்கும், முதல் 9ன்னா சிஆர்ஐ 90க்கு மேல, பின்னாடி 30ன்னா 3000 கெல்வின். 865னு பாத்தா சிஆர்ஐ 80, 6500 கெல்வின், அப்படியே திருப்பி வெச்சுட்டு வாங்க. எங்க தொழில்ல இன்னொண்ணும் பாப்போம், வழக்கமான சிஆர்ஐ கணக்குல அழுத்தமான சிவப்பு சேராது, அதுக்கு ஆர்9னு தனி எண். அது குறைவா இருந்தா மரமும் தக்காளியும் செத்த கலர்ல தெரியும். நீங்க ஆசையா வாங்கின மர ஸ்டூல் வீட்டுக்கு வந்ததும் மண் கலர்ல தெரிஞ்சா பழி பெரும்பாலும் ஸ்டூல் மேல இல்ல.

நிழலும் ஒரு பிரச்சனை. கிச்சன் நடுவுல ஒரே ஒரு சீலிங் லைட், நீங்க கவுன்டர் பக்கம் திரும்பி நின்னா உங்க முதுகுக்குப் பின்னாடி லைட், வெட்டுற இடத்துல உங்க நிழல். இதுக்கும் ஆளுங்க கெல்வினைத்தான் ஏத்துறாங்க. மேல் கேபினட்டுக்கு அடியில ஸ்ட்ரிப் லைட் போடுங்க, அதுவும் சுவரை ஒட்டி இல்ல, முன் விளிம்பை ஒட்டி, அப்பதான் வெளிச்சம் கைக்கு வரும். வெறும் ஸ்ட்ரிப்பை ஒட்டாதீங்க, பளபளப்பான கவுன்டர்ல புள்ளி புள்ளியாத் தெரியும், பால் கலர் மூடி போட்ட அலுமினிய ப்ரொஃபைலுக்குள்ள போடுங்க. ஸ்ட்ரிப்புக்குக் கரன்ட் கொடுக்குற டிரைவர் பெட்டியை அடுப்புக்கு மேல ஒளிச்சு வைக்காதீங்க, சூட்டுலயே சீக்கிரம் போயிடும். இதெல்லாம் மெயினை ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியன் செய்யுற வேலை, வீடியோ பாத்து நீங்க செய்யுற வேலை இல்ல.

பல்பு மாத்தினதும் உடனே எதையும் வாங்காதீங்க, ப்ளீஸ். கொஞ்ச நாள் சும்மா இருந்து பாருங்க. நீலச் சாயல் உள்ள க்ரே ராத்திரியில ஓரளவு சாதுவா அடங்கிடும். பச்சைச் சாயல் உள்ளது சிலது மங்கின பச்சையா மாறும், அது வேற கதை, அதுக்குப் பெயின்ட்தான் வழி. உங்க சுவர்ல என்ன சாயல்னு தெரியணும்னா, ஷேட் கார்டுல உங்க கலர் இருக்குற அதே பட்டையில கடைசியா இருக்குற அழுத்தமான ஷேடைப் பாருங்க. மேல வெறும் சாம்பலாத் தெரிஞ்சது கீழ நீலமா, பச்சையா, ஊதாவான்னு தன்னைத்தானே காட்டிக் கொடுத்துடும்.

பகல்ல பல்பு உதவாது, ஜன்னல்தான் ராஜா. பூமத்திய ரேகைக்கு வடக்க நல்லாத் தள்ளி இருக்குறவங்க வீட்டுல வடக்கு பாத்த ஜன்னலுக்கு நேர் வெயில் ரொம்பக் கம்மி, வானத்தோட நீல வெளிச்சம்தான் வரும். தெற்க நல்லாத் தள்ளி இருக்குறவங்களுக்கு இது அப்படியே உல்டா. அந்த மாதிரி கிச்சன்லதான் பொருள் பேசணும்.

பொருள்னா முதல்ல மரம். "நீங்கதானே சொன்னீங்க ஆரஞ்சு பக்கத்துல க்ரே நீலமாகும்னு, மரமும் ஒருவகை ஆரஞ்சுதானே?"ன்னு ஒருத்தர் மடக்கினார், நல்ல கேள்வி. ஆமா, பழுப்புங்கிறது அடங்கின ஆரஞ்சுதான். ஆனா அது அடங்கினதாலதான் கண்ணை அவ்வளவு தள்ளாது, அதோட மரத்துல ஒரே கலர் கிடையாது, ரேகை, கணு, வெளுப்பு, கருப்புன்னு கண்ணு போய் உக்கார இடம் இருக்கு. பெரிய வெட்டுப்பலகை ரெண்டை சுவர்ல சாய்ச்சு வெச்சாலே வித்தியாசம் தெரியும். ஒரு திறந்த மர ஷெல்ஃப், ரெண்டு ஸ்டூல், போதும். சுடுமண் ஜாடி, பின்னல் கூடை, துவைக்கக்கூடிய நீள விரிப்பு இதெல்லாம் அடுத்த வரிசை. விரிப்புக்கு அடியில வழுக்காத மேட் கட்டாயம், கொதிக்கிற பாத்திரத்தோட நடக்குற இடம் அது.

கைப்பிடி மாத்துறதை நிறைய பேர் மறந்துடுறாங்க. க்ரே கேபினட்ல ஸ்டீல் கைப்பிடிக்குப் பதிலா பித்தளை, இல்ல தோல் பட்டை போட்டா, ஒரு சொட்டு பெயின்ட் இல்லாம கேபினட் முகமே மாறிடும். ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னாடி பழைய கைப்பிடியோட ரெண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவுல அளந்துட்டுப் போங்க. பெரும்பாலும் 96, 128, இல்ல 160 மில்லிமீட்டர்னு 32ஓட மடங்குல இருக்கும். அளக்காம வாங்கிட்டு வந்து ஒவ்வொரு கதவுலயும் புது ஓட்டை போட்டு, பழைய ஓட்டைக்குப் புட்டி வெச்சு, அந்தப் புட்டி க்ரேயோட சேராம, வேண்டாம்பா. லேக்கர் பூசின பித்தளையை சொரசொரப்பு வெச்சுத் தேய்க்காதீங்க, பூச்சு போச்சுன்னா திட்டுத் திட்டாக் கறுக்கும்.

டைல்ஸ் பளிச் வெள்ளையா இருந்து நடுவுல இடுக்கை அடைக்கிற க்ரௌட் நீலக் க்ரேயா இருந்தா, டைல்ஸை உடைக்காதீங்க, க்ரௌட் கலரை மட்டும் மணல் கலருக்கு மாத்திப் பாருங்க. சின்ன கோடுதான், ஆனா நூத்துக்கணக்கான கோடு.

இப்ப கொஞ்சம் திட்டணும். அடுப்புக்கு மேல மர ஷெல்ஃப் அடிக்கிறதை நிறுத்துங்க. படத்துல அழகா இருக்கும், அந்தப் படத்துல அடுப்பு எரியாது. ஒட்டி இருக்குற ஜன்னல்ல தொங்குற துணித் திரை, தீ பக்கத்துல ஒட்டுற ஸ்டிக்கர் டைல்ஸ், உலர்ந்த புல் அலங்காரம், எதுவும் வேண்டாம். ஸ்டிக்கர் வேணும்னா எவ்வளவு சூடு தாங்கும்னு பெட்டியில போட்டிருக்கான்னு பாருங்க, போடலைன்னா சிங்க் பக்கம் ஒட்டிக்குங்க. அப்புறம், இடம் காலியா இருக்கேன்னு எல்லாக் கலரையும் கவுன்டர்ல அடுக்காதீங்க, பத்து கலர்ல பத்து டப்பா இருந்தா அது கலகலப்பு இல்ல, கசகசப்பு. ஒரு கலரை எடுங்க, செங்கல் சிவப்போ கடுகு மஞ்சளோ, தூரம் தூரமா மூணு இடத்துல வரட்டும், போதும்.

இவ்வளவும் செஞ்ச அப்புறமும் சுவர் உறுத்தினா, சரி, பெயின்ட் அடிக்கலாம், தடுக்கல. ஆனா ஒரு சுவர் மட்டும் பளிச்சுன்னு அடிக்கிற பழக்கத்தை விடுங்க. நாலு சுவரையும் மணல், வெளிர் களிமண், பழுப்பு கலந்த வெள்ளை இப்படி அடங்கின கலருக்குக் கொண்டு போங்க. கார்டுல பாக்குற கலர் சுவர் முழுக்க வந்ததும் அழுத்தமாத் தெரியும், அதனால ஒரு படி வெளிறினதையே எடுங்க. சுவர்லயே திட்டுத் திட்டா சாம்பிள் அடிச்சுப் பாக்காதீங்க, பழைய க்ரே பக்கத்துல இருந்தே கண்ணை ஏமாத்தும், ஷெவ்ரல் கதை ஞாபகம் இருக்குல்ல. ஏ3 அட்டையில ரெண்டு கோட் அடிச்சு, சுத்தி வெள்ளை ஓரம் விட்டு, நல்லாக் காய்ஞ்ச அப்புறம் கேபினட் பக்கத்துல நிமிர்த்தி வெச்சு காலையில, மதியத்துல, லைட் போட்ட அப்புறம்னு பாருங்க. தரையில படுக்க வெச்சுப் பாக்காதீங்க, சுவர் படுத்துக்கிட்டு இருக்காது. சீலிங் நீலம் அடிக்கிற வெள்ளையா இருந்தா பக்கத்துல க்ரீம் சுவர் அழுக்காத் தெரியும், அதையும் சேத்தே முடிவு பண்ணுங்க.

கிச்சன் சுவர்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், கண்ணுக்குத் தெரியலைன்னாலும் இருக்கும். பிசுக்கெடுக்குற லிக்விட் போட்டுக் கழுவி, தண்ணியால துடைச்சு, காய விட்டு, பளபளப்பை லேசா எமரி போட்டு உடைச்சு, ப்ரைமர், அதுக்கப்புறம்தான் கலர். பழைய வீடுன்னா அடியில இருக்குற பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், டெஸ்ட் பண்ணாம வறட்டு எமரி தேய்க்காதீங்க, குழந்தைங்க இருக்குற வீட்டுல கண்டிப்பா வேண்டாம். மேல்பூச்சு துடைச்சா தாங்குற, லேசா மினுக்குற சாட்டின் மாதிரி எடுங்க, பளபளப்பே இல்லாத மேட் பூச்சுதான் வேணும்னு அடம் பிடிக்குறவங்க அடுப்புப் பக்கத்துச் சுவரை மட்டுமாவது விட்டுடுங்க. மிச்சமான பெயின்டை டப்பாவை இறுக்கி மூடி வைங்க, மூடி மேல கலர் நம்பர், அடிச்ச தேதி, எந்தச் சுவர்னு அழியாத மார்க்கர்ல எழுதுங்க. அடுத்த ரெண்டு வருஷத்துல கேபினட் மூலையில ஒரு கீறல் விழும், அப்ப கலர் நம்பர் தெரியாம கார்டை வெச்சுக் கண்ணாலயே மேட்ச் பண்ணித் தாங்கன்னு என்கிட்ட வராதீங்க.