குழப்படி செய்யும் பிள்ளைக்கு முதலில் வாசிக்கத் தெரியுமா?

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் மாணவர் வலுவூட்டல் நிகழ்ச்சி என்றால் பெரும்பாலும் ஒரே ஒழுங்குதான். மங்கள விளக்கு, வரவேற்புரை, ஒன்றரை மணி நேரப் பேச்சு, தேநீர், கடைசியில் ஒரு குழுப்படம். அக்கறையோடுதான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முன்வரிசையில் இருந்து கவனமாகக் கேட்கிற பிள்ளைக்கு அந்தப் பேச்சு தேவையே இல்லை. தேவைப்படுகிற பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கூடமே வந்திருக்காது.

வழிகாட்டல் ஆலோசனைப் பணியில் நீண்ட காலமாக இருக்கிறேன். ‘ஒழுக்கமில்லாதவன்’ என்று சொல்லி என் அறைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளிடம் நான் இப்போது முதலில் நடத்தையைப் பற்றிக் கேட்பதில்லை. ஒரு பந்தியை வாசிக்கக் கொடுப்பேன். அதிலேயே பாதிக் கதை வெளியே வந்துவிடும்.

தரம் 9 மாணவன் ஒருவன். வரலாற்றுப் பாடத்தில் ரீச்சர் அவனை எழும்பி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அவன் புத்தகத்தை மேசையில் ஓங்கி அடித்துவிட்டு வெளியே போய்விட்டான். ஆசிரியரை அவமதித்தான் என்பது முறைப்பாடு. நான் சின்ன வகுப்பு வாசிப்பு நூல் ஒன்றைக் கொடுத்தேன். முதல் வரியில் ‘கிணற்றடியில்’ என்ற சொல்லில் நின்றுவிட்டான். ‘கி... ண...’ என்று இழுத்தான். ‘ற்ற’ வந்த இடத்தில் முகம் வியர்த்தது. எழுத்துகள் தனித்தனியாகத் தெரிகின்றன, கூட்டிச் சொல்லாக்கத் தெரியவில்லை. வகுப்பு முழுவதற்கும் முன்னால் அதைக் காட்டிக்கொள்வதைவிடத் திமிர் பிடித்தவன் என்று பெயரெடுப்பது அவனுக்குப் பரவாயில்லை. பதினான்கு வயதுப் பிள்ளையின் மானம் அப்படித்தான் கணக்குப் போடும்.

எங்கள் முறையில் பிள்ளை வருடா வருடம் வகுப்பேறிவிடும். வாசிப்பு கூடவே ஏறியதா என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. கொரோனாக் காலத்தில் 2020, 2021 இரண்டு வருடங்களும் பாடசாலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. 2022இல் எரிபொருள் இல்லாமல் திரும்பவும் இடைவெளி. 2020இல் தரம் 1இலும் 2இலும் எழுத்துக் கூட்டப் பழகவேண்டியிருந்த பிள்ளைகள் 2025இல் தரம் 6க்கும் 7க்கும் வந்துவிட்டார்கள். வீட்டில் நல்ல ஃபோனும் டேட்டாவும் இருந்த பிள்ளை எப்படியோ சமாளித்தது. இல்லாத பிள்ளை அன்றைக்கு விட்ட இடத்திலேயே நிற்கிறது. பின்வாங்கில் இருந்து சத்தம் போடுவது அதுதான்.

ஆகவே ஒரு பாடசாலையை வலுப்படுத்த வேண்டும் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது வாசிப்புக் குழு. தினமும் இருபது நிமிடம், ஒரு குழுவில் ஐந்து பிள்ளைகள், ஒவ்வொரு நாளும் அதே ஆள் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆள் மாறினால் பிள்ளை திரும்பவும் வெட்கப்படத் தொடங்கிவிடும். பூனைக்குட்டிப் படம் போட்ட பாலர் புத்தகத்தைப் பதினான்கு வயதுப் பொடியனின் கையில் கொடுக்காதீர்கள். கிரிக்கெட் செய்தி, பஸ் நேர அட்டவணை, ஃபோன் கடை விளம்பரம் என்று அவன் வயதுக்குரியதாக எடுங்கள். கணிதத்துக்கும் இதே கதைதான். பெருக்கல் வாய்பாடும் பின்னமும் பிடிபடாமல் தரம் 10க்கு வந்த பிள்ளைக்கு அட்சரகணிதம் வெறும் கோடும் எழுத்தும்.

யார் சொல்லிக்கொடுப்பது என்று அதிபர்மார் கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே பாடவேளை நிறைந்து கிடக்கிறது. ஆனால் ஏஎல் என்கிற உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு சின்னக் கொடுப்பனவும் ஒரு வாரப் பயிற்சியும் கொடுத்தால் பொறுப்பாகச் செய்வார்கள். இங்கேதான் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கங்களிடம் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. வளைவும் மண்டபமும் ஸ்மார்ட் போர்ட்டும் தந்திருக்கிறீர்கள், நன்றி. அடுத்த முறை இரண்டு வாசிப்பு உதவியாளர்களின் ஒரு வருடக் கொடுப்பனவைத் தாருங்கள். திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் இருக்காது. ஆனால் பிள்ளைகள் வாசிப்பார்கள்.

அடுத்தது வரவு இடாப்பு. ஒரு பாடசாலையின் ஒழுக்கம் எப்படியிருக்கிறது என்பதை அதைப் புரட்டினாலே சொல்லிவிடலாம். யார் திங்கட்கிழமைகளில் வருவதில்லை, யார் கிழமைக்கு மூன்று நாள் பிந்துகிறார், எந்த மாதத்தில் திடீரென்று வரவு விழுந்தது என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஏழரை மணிக்குப் படலை சாத்தியதும் வெளியே நிற்கிற பிள்ளைகள் எல்லாரையும் ஒரே வரிசையில் வெயிலில் நிறுத்துவது வழக்கம். தீவகப் பக்கத்துப் பொடியன் ஒருவனிடம், “ஏன் தம்பி ஒவ்வொரு நாளும் பிந்துறீர்?” என்று தனியே கூப்பிட்டுக் கேட்டேன். “விடிய வலையில நண்டு கழட்டிப்போட்டு வாறன் சேர். அப்பாக்கு முதுகு ஏலாது” என்றான். விரல் நுனியெல்லாம் கீறல். அவனுக்குப் பக்கத்தில் நின்றவன் இரவு இரண்டு மணிவரை ஃபோனில் கேம் விளையாடியவன். மற்றவள், அம்மா வெளிநாட்டில் இருப்பதால் தம்பியை வெளிக்கிடுத்தி ஆரம்பப் பாடசாலையில் விட்டுவிட்டு வருகிற பிள்ளை. இவர்கள் மூவருக்கும் ஒரே தண்டனை கொடுத்து எந்த ஒழுக்கத்தைக் கற்பிக்கப்போகிறோம்? நண்டு கழட்டுகிறவனின் தகப்பனை வைத்தியசாலைக்கு அனுப்பினோம், பிரதேச செயலகத்தில் உதவிக்கு விண்ணப்பித்தோம். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் அவன் பிந்தி வருகிற நாள்களில் ஒளித்துத் திரியாமல் நேரே வகுப்புக்குப் போகத் தொடங்கினான்.

அடியைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். “கண்ணை மட்டும் விட்டிட்டு அடியுங்கோ சேர்” என்று சொல்லும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். கல்வி அமைச்சின் 12/2016 இலக்கச் சுற்றறிக்கை பாடசாலையில் உடல் தண்டனைக்கு இடமில்லை என்கிறது. ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட தென்பகுதி மாணவன் ஒருவனின் வழக்கில், அவனுடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அடி வாங்கிய பிள்ளை செய்த பிழையை மறந்துவிடும், அடித்தவரை மட்டும் ஞாபகம் வைத்திருக்கும். வகுப்புக்கு வெளியே நிறுத்துவதும் அப்படித்தான். விளங்காத பாடத்தில் இன்னொரு பாடவேளை போய்விடுகிறது. இரண்டு கிழமை இடைநிறுத்தினால் பிள்ளை சந்திக்குப் போகும். மாவா என்கிற போதைப்பாக்கு விற்கிறவனும் சந்தியில்தான் நிற்கிறான்.

தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்ததற்கும் பெறுவதற்கும் தொடர்பு இருக்கட்டும். மேசையை உடைத்தவன் சனிக்கிழமை வந்து தச்சுவேலை தெரிந்தவரோடு இருந்து அதைத் திருத்தட்டும். சின்னப் பிள்ளையை நக்கலடித்தவன் அந்தப் பிள்ளையின் வகுப்பில் ஒரு மாதம் விளையாட்டுக்கு உதவட்டும். இதற்கு ஆசிரியரின் நேரம் கூடுதலாகத் தேவைப்படும், அது உண்மைதான்.

முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலத்தில் ஒரு விசயத்தைக் கவனித்துப் பாருங்கள். பின்வாங்குக்காரர்தான் இல்லச் சோடனைக்கு முன்னுக்கு நிற்பார்கள். தென்னோலை வெட்டி வருவார்கள், கம்பு நடுவார்கள், பொழுதுபட்ட பிறகும் போகமாட்டார்கள். யாரும் விரட்ட வேண்டியதில்லை. போட்டி முடிந்த அடுத்த கிழமை அதே பிள்ளைகளுக்குப் பாடசாலையில் செய்ய எதுவுமே இல்லாமல் போய்விடுகிறது. மாணவர் தலைவர் சின்னம் நல்ல புள்ளி எடுப்பவருக்கே போகிறது. ஒலிபெருக்கி, நூலக இரவல் பதிவேடு, தோட்டம், தண்ணீர்த் தொட்டி என்று பொறுப்புகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றை இவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, செய்ததைக் காலைப் பிரார்த்தனையில் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.

பெற்றோர் சந்திப்பைக் காலை பத்து மணிக்கு வைத்துவிட்டு, தாய் தகப்பனுக்கு அக்கறையில்லை என்று சொல்வது சரியில்லை. தோட்டத்திலும் கடலிலும் கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். சனிக்கிழமை பின்னேரம் வையுங்கள். முதல் தடவை அழைப்பு எடுக்கும்போது முறைப்பாட்டோடு எடுக்காதீர்கள், பிள்ளை செய்த நல்லது ஒன்றைச் சொல்ல எடுங்கள். பேத்தியை வளர்க்கும் அம்மம்மா ஒருவர் அப்படியொரு அழைப்புக்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் வரத் தொடங்கினார்.

போதைப்பொருள் சந்தேகம் வந்தால் வகுப்பின் நடுவில் பையைக் கொட்டிச் சோதிக்க வேண்டாம். தனியாகக் கூப்பிடுங்கள், ஆலோசனை ஆசிரியரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு யாராலாவது ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு உடனே சொல்லுங்கள். பாடசாலையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி வைத்தால் அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் அதே ஆபத்துக்குள்தான் திரும்பிப் போகும்.

இதையெல்லாம் ஒரே தவணையில் தொடங்க முடியாது, தொடங்கவும் வேண்டாம். தரம் 6 முதல் 9 வரை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு நிமிடம் வாசிக்கச் செய்து பதிந்து வையுங்கள். வகுப்புக்கு ஒரு காலை போதும். தடுமாறும் பிள்ளைகளின் பட்டியலை ஒழுக்க முறைப்பாட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எத்தனை பெயர்கள் இரண்டிலும் இருக்கின்றன என்று. அந்தப் பெயர்களில் இருந்து முதல் வாசிப்புக் குழுவை அடுத்த திங்கட்கிழமையே தொடங்கிவிடலாம். மூன்றாம் தவணை முடிவில் அதே பிள்ளைகளைத் திரும்பவும் வாசிக்கச் செய்யுங்கள். ஆண்டறிக்கையில் சாதாரண தரப் பரீட்சையில் 9ஏ, அதாவது ஒன்பது பாடத்திலும் ஏ, எடுத்தவர்களின் எண்ணிக்கைக்குக் கீழே அந்த முடிவையும் எழுதுங்கள்.