டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுகிறது, எர்த் இருக்கிறதா?

பினாங்கில் டெரஸ் (வரிசை) வீட்டைப் புதுப்பிப்பவர்கள் பலரும் முதலில் கை வைப்பது கார் நிறுத்தும் முன்பகுதியில். மண் இருந்த இடத்தில் சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பியின் குழி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டில் சுவரோரமாக இறங்கிய எர்த் வயரை டைல்ஸுக்கு மேலேயே வெட்டி, முனையில் பெயின்ட் அடித்துவிட்டார்கள். அந்த வீட்டு அக்கா மாதம் தவறாமல் ஆர்சிசிபியின் (மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்ப்பவர். "ஒவ்வொரு தடவையும் டக்குன்னு விழுதே, தம்பி!" என்றார்.

விழத்தான் செய்யும். அந்தப் பட்டன் ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று மட்டும்தான் காட்டும். எர்த் வயர் அறுந்து கிடந்தாலும் அது விழும். இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் நிம்மதியாக இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

எர்த் இல்லாத வீட்டில் வாஷிங் மெஷினுக்குள் மின்சாரம் கசிந்தால், அது இறங்க வழியில்லாமல் மெஷினின் உடம்பிலேயே 230 வோல்ட் வரை நிற்கும். ஈரக் கையோடு தொடுபவர் வழியாகத்தான் தரைக்கு இறங்கும். வீட்டு மெயின் ஆர்சிசிபி பெரும்பாலும் 100 மில்லிஆம்பியர்; அவ்வளவு கசிந்தால்தான் நிச்சயமாக விழும். உடம்பில் 30 மில்லிஆம்பியரைத் தாண்டி ஓடினாலே இதயத்துக்கு ஆபத்து. தண்ணீர் புழங்கும் இடத்துக்கு 10 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும் என்று மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள் சொல்வது இதனால்தான். வாட்டர் ஹீட்டருக்குத் தனியாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் விழும் எம்சிபி காப்பாற்றாதா என்று கேட்பார்கள். எர்த் ரெசிஸ்டன்ஸ், அதாவது மண்ணுக்குள் இறங்கும் வழியில் உள்ள தடை, 10 ஓம் என்றால் பழுதில் ஓடுவது 23 ஆம்பியர்தான் (230 ÷ 10). 32 ஆம்பியர் எம்சிபி அசையாது. எர்த், ஆர்சிசிபி இரண்டும் வேண்டும்.

சரி, எந்த வயர்? மின்சாரம் வரும் மெயின் லைவ் வயர் 16 சதுர மில்லிமீட்டர் வரை இருந்தால் எர்த்தும் அதே அளவு. 16க்கு மேல் 35 வரை என்றால் 16 போதும். மண்ணுக்குள் போகும் பகுதிக்கு, பச்சை மஞ்சள் உறை போட்ட செம்பு வயர் குறைந்தது 16. உறையில்லாத செம்பு என்றால் 25. மிச்சம் கிடந்த 1.5 வயரை இழுத்து இணைப்பதை யாரும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அலுமினியம் மண்ணுக்குள் சீக்கிரம் அரித்துவிடும். சுவரிலிருந்து குழி வரை வயரைக் குழாய்க்குள் விட்டால் மண்வெட்டியும் புல்வெட்டும் இயந்திரமும் அதைத் தொடாது.

கம்பியும் வயரும் சேரும் கிளாம்ப் பித்தளையாக இருக்கட்டும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் அது பச்சை பூத்து, திருகைக் கையாலேயே சுற்றலாம் என்ற நிலையில் இருக்கும். பழைய வீடுகளில் இன்னொன்றையும் பாருங்கள்: எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். அந்தக் குழாயை மின்சாரம் கடத்தாத பிவிசிக்கு மாற்றிய அன்றே எர்த் போயிருக்கும்.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே கான்ட்ராக்டரிடம் குழியைக் காட்டி, அதன் மூடியைப் பிறகும் திறக்க முடிகிற மாதிரி விடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் லைசென்ஸ் உள்ள வயர்மேனை அழைத்து, எர்த் டெஸ்டர் வைத்து எர்த் ரெசிஸ்டன்ஸை அளக்கச் சொல்லி, எழுதி வாங்குங்கள்.