நிறுவல் வழங்கி

கணினித் துறையின் 'இன்ஸ்டால் சர்வர்' என்பதைத் தமிழில் 'நிறுவல் வழங்கி' எனலாம். இதில் இன்ஸ்டால் என்ற சொல் தேவாலயத்தில் பிறந்தது. ஐரோப்பியப் பேராலயங்களில் குருமார் ஒவ்வொருவருக்கும் தடுப்பு வைத்த மர இருக்கை உண்டு. அதற்கு ஸ்டால் என்று பெயர். புதிதாகப் பதவி பெற்றவரை அதில் அமர்த்துவதை இடைக்கால இலத்தீனில் 'இன்ஸ்டல்லாரே' என்றார்கள். ஸ்டால் இன்னும் பழைய சொல். பழைய ஆங்கிலத்தில் அது இடம், குறிப்பாக மாடு நிற்கும் இடம்.

தமிழில் இதற்கு 'நிறுவு' என்கிறோம். நில் என்றால் தானே நிற்பது. நிறுவு என்றால் நிற்கச் செய்வது. நிறுவனமும் இந்த வீட்டுப் பிள்ளைதான். பள்ளி வடிவியலில் 'முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180° என நிறுவுக' என்று கேட்பார்களே, அங்கே அதற்கு 'நிரூபி' என்று பொருள். கூற்றை விழாமல் நிற்க வைக்க வேண்டும். இதனால்தான் கணினிக்கும் இந்தச் சொல் அருமையாகப் பொருந்துகிறது என்பேன். கோப்புகளை வட்டில் நகலெடுத்ததும் வேலை முடிந்துவிடாது. குறுவட்டை எடுத்துவிட்டு மறுபடி இயக்கும்போது யுனிக்ஸ் இயங்குதளம் தன் வட்டிலிருந்தே எழுந்து வந்து லாகின் கேட்க வேண்டும். அப்போதுதான் நிறுவியாயிற்று. சிலர் 'ஏற்றுதல்' என்று எழுதுகிறார்கள். அது லோடு என்பதற்கு வேண்டிய சொல், அதை அங்கேயே விட்டுவிடலாம்.

சரி, ஐம்பது கணினிகள் இருந்தால்? ஒவ்வொன்றிலும் குறுவட்டைப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதற்காக வந்ததுதான் இன்ஸ்டால் சர்வர்: வலையமைப்பு வழியாகவே மற்றக் கணினிகளுக்கு நிறுவல் கோப்புகளைத் தரும் கணினி. சன் மைக்ரோசிஸ்டம்ஸின் சோலாரிஸ் என்ற யுனிக்ஸ் இயங்குதளத்தில் இந்த ஏற்பாட்டுக்கு ஜம்ப்ஸ்டார்ட் என்று பெயர். சன்னின் ஸ்பார்க் வகைக் கணினியில், இயங்குதளம் எழும் முன் கட்டளைக்காகக் காத்திருக்கும் 'ஓகே' முனையில் 'பூட் நெட் - இன்ஸ்டால்' என்று தட்டுவார்கள். நடுவில் உள்ள கோட்டுக்கு இருபுறமும் இடைவெளி கட்டாயம். அந்த நேரத்தில் கணினிக்குத் தன் ஈதர்நெட் முகவரி மட்டுமே தெரியும். 'என் ஐபி முகவரி என்ன?' என்று ஆர்ஏஆர்பி நெறிமுறையில் வலையமைப்பு முழுவதும் கேட்கும். பதில் வந்ததும் டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் நெறிமுறை வழியாக ஒரு சின்னத் தொடக்க நிரலை வாங்கிக்கொள்ளும். அப்புறம் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறை வழியாக, வேறொரு கணினியில் இருக்கும் சோலாரிஸ் கோப்புகளைத் தன்னுடையவைபோல் படிக்கும். எந்தக் கணினிக்கு எந்த அமைப்பு என்பதை 'ரூல்ஸ்' கோப்பு சொல்லும். நேர மண்டலம், ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் முதலிய கேள்விகளுக்கான விடைகளை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், பக்கத்தில் ஆளே வேண்டாம். 2011இல் வந்த சோலாரிஸ் 11இல் ஜம்ப்ஸ்டார்ட்டின் இடத்தை வேறொரு தானியங்கி நிறுவி எடுத்துக்கொண்டது.

சர்வருக்குச் 'சேவையகம்' என்ற சொல்லும் புழங்குகிறது. தவறில்லை, ஆனாலும் அகம் என்றதும் கட்டடம் கண்ணில் படுகிறது. 'வழங்கி' வினையிலிருந்து வந்தது. கேட்டவருக்குக் கேட்டதை வழங்குவது. மேலே சொன்ன வேலை முழுக்க அதுதானே: முகவரி வழங்குகிறது, நிரல் வழங்குகிறது, கோப்பு வழங்குகிறது. 'நிறுவல் வழங்கி' என்றால் நிறுவலை வழங்குவது என்று தானாகவே விரிகிறது. நிறுவும் நிரலை மட்டும் குறிக்க 'நிறுவி' போதும்.

இன்னொரு சொல்லும் இங்கே தேவைப்படும். ஆர்ஏஆர்பி கேள்வி, வலையமைப்புகளை இணைக்கும் திசைவியை (ரூட்டர்) தாண்டாது. ஆகவே நிறுவல் வழங்கி வேறொரு துணை வலையமைப்பில் இருந்தால், கேட்கும் கணினிக்கு அருகிலேயே முகவரியும் தொடக்க நிரலும் தர ஒரு பூட் சர்வர் வேண்டும். அதைத் 'தொடக்க வழங்கி' என்று சொல்லலாம்.