புண் ஆறினால் நோய் போய்விட்டதா?

"அது சூட்டுப் புண் டொக்டர், அப்பவே ஆறிப்போச்சு." வன்னியில் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கடைசியாகச் சொன்னவர், ஆணுறுப்பில் வந்த புண்ணுக்கு உடம்புச் சூடுதான் காரணம் என்று நினைத்து, மருந்துக்கடையில் நாலு குளிசை வாங்கிப் போட்டு, செவ்விளநீரும் குடித்து, புண் மறைந்ததும் நிம்மதியாக இருந்துவிட்டார். பிறகு கர்ப்பிணியான மனைவிக்குக் கிளினிக்கில் வழமையாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில்தான் சிபிலிஸ் என்ற பாலியல் நோய் பிடிபட்டது.

சூட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது, மருந்தே போடாவிட்டாலும் சில வாரங்களில் தானாக ஆறும். இளநீர் குடித்தவருக்கும் ஆறும், நேர்த்தி வைத்தவருக்கும் ஆறும், சும்மா இருந்தவருக்கும் ஆறும். அதனால் அவரவர் செய்ததுதான் குணமாக்கியது என்று நம்பிவிடுகிறார்கள். கிருமி மட்டும் உடம்புக்குள் வருடக்கணக்கில் இருந்து மூளை, இதயம் வரை போகும். ஆரம்பத்திலேயே வந்தால் ஒரே நாளில் பென்சிலின் ஊசி போட்டு முடிக்கக்கூடிய வேலை இது, எனக்கு எரிச்சலே அதனால்தான்.

இப்படிப் புண்ணும் சீழும் இருக்கும்போது எச்.ஐ.வி தொற்றுவது இன்னும் சுலபம். 1990களில் தான்சானியாவின் முவான்சா கிராமங்களில், ஊர்ச் சுகாதார நிலையங்களிலேயே பாலியல் நோய்களுக்கு ஒழுங்காக மருந்து கொடுத்தபோது புதிய எச்.ஐ.வி தொற்று சுமார் 40 சதவீதம் குறைந்தது. உகண்டாவின் ராக்காயில் ஊர் முழுக்க எல்லோருக்கும் மருந்து கொடுத்தும் அப்படிக் குறையவில்லை. எச்.ஐ.வி ஏற்கெனவே பரவிவிட்ட இடத்தில் பலன் குறைவு என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. நம் இலங்கையில் எச்.ஐ.வி இன்னும் குறைவாகத்தான் இருக்கிறது, அப்படியே வைத்திருப்போமே.

சரி, செய்ய வேண்டியது இதுதான். புண், சீழ், சலம் போகும்போது எரிவு என்றால் கடைக் குளிசை வேண்டாம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது, காசு இல்லை, விபரம் வெளியே போகாது. துணையையும் கூட்டி வாருங்கள். பெண்களுக்குப் பல வேளைகளில் அறிகுறியே இருக்காது, ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும். சிகிச்சை முடியும்வரை உறவு வேண்டாம், அப்புறமும் ஆணுறை பாவியுங்கள். எச்.ஐ.வி பரிசோதனையையும் அன்றைக்கே செய்துவிடுங்கள், தயவுசெய்து.

கிளினிக்கில் வேலை செய்கிற நம் ஆட்களுக்கும் ஒன்று: வந்தவரிடம் "எங்க போய் வாங்கினனீர்?" என்று கேட்காதீர்கள். அடுத்த முறை அவர் நேரே மருந்துக்கடைக்குத்தான் போவார்.