வெர்டிகோ: தலைசுற்றலா, மயக்கமா?

"மயக்கமாக வருகிறது" என்று சொல்லி உட்காருகிறவரிடம் காது மூக்கு தொண்டை மருத்துவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, கண் இருட்டுகிறதா அல்லது அறை சுற்றுகிறதா என்பதைத்தான். அறை சுற்றுகிறது என்றால் அதற்கு வெர்டிகோ என்று பெயர். திருப்புதல், சுழற்றுதல் என்று பொருள்படும் 'வெர்டெரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்த இச்சொல்லுக்குச் சுழற்சி என்பதே நேர்ப்பொருள். உடல் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் முள்ளெலும்புக்கு வெர்டிப்ரா என்ற பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். காய்ச்சலைப் போல இதுவும் ஓர் அறிகுறியின் பெயர், நோயின் பெயரன்று. உயரத்தைக் கண்டு அஞ்சுவதையும் சிலர் வெர்டிகோ என்கிறார்கள், அது வேறு.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை, சொற்குழப்பம்தான் உண்டு. மயங்குதல் என்றால் ஒன்றோடொன்று கலத்தல். இலக்கணத்தில் மெய்ம்மயக்கம், திணை மயக்கம் என்று வருவது அப்பொருளில்தான். பேச்சில் அது நினைவு தப்புவதையும், பசியில் வரும் சோர்வையும், சுழற்சியையும் ஒருசேரக் குறிப்பதால், மருத்துவரிடம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவற்ற சொல் வேறில்லை என்பது என் எண்ணம். பித்தம் என்று சொல்லி எலுமிச்சம்பழம் பிழிந்து குடிப்பவர்களும் இருக்கிறார்கள். தலைசுற்றல் என்பது இலத்தீன் மூலத்துக்கு மிக நெருங்கியது. கிறுகிறுப்பு அதைவிட உயிருள்ளது. 'கிறுகிறு' என்னும் இரட்டைக்கிளவியின் ஒலியிலேயே சுழற்சி கேட்கிறது. எழுத்தில் தலைசுற்றல் என்பதையே நான் பரிந்துரைப்பேன். மயக்கத்தை நினைவிழத்தலுக்கும், தள்ளாட்டத்தை நடை தடுமாறுவதற்கும் ஒதுக்கிவிடலாம்.

சிறுவயதில் தட்டாமாலை சுற்றிய எவருக்கும் இதன் இயக்கம் தெரியும். உட்செவியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழல்களில் இருக்கும் நீர்மம், நாம் நின்ற பிறகும் சற்று நேரம் ஓடிக்கொண்டிருக்கும். காது சுற்றுகிறது என்கிறது, கண் சுவர் நிற்கிறது என்கிறது. இக்குழல்கள் வந்து சேரும் பகுதிக்கு வெஸ்டிபியூல், அதாவது வாயிற்கூடம் என்று பெயர். இல்முன் என்பது முன்பின்னாக மாறி முன்றில் ஆன பழஞ்சொல் நம்மிடம் இருக்க, செவி முன்றில் என்று சொல்லலாமே என்று தோன்றுகிறது.

அந்த முன்றிலில் இருக்கவேண்டிய நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள்கள் இடம்பெயர்ந்து குழலுக்குள் விழுவதே தலைசுற்றலுக்கு மிகப் பரவலான காரணம். இரவில் வலப்பக்கம் புரண்டதும் அணைத்துவைத்த மின்விசிறி சுழல்வதாகத் தெரியும். பரணில் இருக்கும் டப்பாவை அண்ணாந்து எடுக்கும்போதும் அப்படியே. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். இதற்கு மாத்திரையைவிட, தலையைக் குறிப்பிட்ட நிலைகளில் வரிசையாகத் திருப்பித் துகள்களை வெளியேற்றும் எப்லி முறையே பயன் தருகிறது. ஜான் எப்லி என்னும் அமெரிக்க மருத்துவர் 1992இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். எந்தக் காது, எந்தக் குழல் என்று தெரிந்த பிறகே செய்யவேண்டும் என்பதால், முதல்முறை பயிற்சி பெற்றவரிடம் செய்துகொள்வது நல்லது.

பிரான்சின் புராஸ்பெர் மெனியேர் 1861இல் விவரித்த நோய் இப்படிச் சட்டென்று விடுவதில்லை. காதடைப்பு, இரைச்சல், கேட்கும் திறன் குறைதல் ஆகியவற்றோடு தலைசுற்றல் மணிக்கணக்கில் நீடிக்கும். உப்பைக் குறைக்கச் சொல்வது வழக்கம். இந்நோய் உள்ளவர்கள் ஏணியில் ஏறுவதையும் தனியே நீந்துவதையும் தவிர்ப்பது நல்லது; சுற்றல் வரும் நாளில் வண்டி ஓட்டக்கூடாது. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடியும் இரவில் ஒரு சிறு விளக்கும் பெரிய உதவி. தலைசுற்றலை அடக்கும் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால், சமநிலையை மூளை மீண்டும் பழகிக்கொள்வது தாமதமாகும்.

தலைசுற்றலோடு வாய் குழறினாலோ, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, அது மூளைப் பக்கவாதமாக இருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அங்கே 'மயக்கம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எப்போது தொடங்கியது, எது சுற்றியது, கூடவே என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும்.